மில்க்‌ஷேக்: குலுக்காத பாலுக்குத் தமிழில் என்ன பெயர்?

பொருள்: [கலைச்சொல்] மில்க்‌ஷேக்
எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர்

வணக்கம்.

கொண்டாட்ட நாட்களுக்கான குளிர்பானக் குறிப்புகள் சிலவற்றைத் தமிழாக்கும் வேலை நடக்கிறது. முதல் குறிப்பே புதினா மில்க்‌ஷேக். பனிக்கூழ், பால், பெப்பர்மின்ட் எசன்ஸ் மூன்றையும் மிக்ஸியில் அடித்து, மேலே நுரைத்த கிரீம் வைத்து, நொறுக்கிய சிவப்பு வெள்ளை மிட்டாய் தூவுவது. ஐஸ்கிரீமுக்குப் ‘பனிக்கூழ்’ நிலைத்துவிட்டது, அதில் சிக்கல் இல்லை. மில்க்‌ஷேக்குக்குக் கைவசம் இருப்பவை: பால்குலுக்கி, பாற்குலுக்கு, நுரைப்பால். ‘குலுக்கி’ என்றால் குலுக்கும் கருவி, அல்லது குலுக்கும் ஆள். அதைக் குடிக்க முடியாது. ‘நுரைப்பால்’ என்றால் சூடாக ஆற்றிய பாலும் நினைவுக்கு வருகிறது. ஒலிபெயர்த்து விட்டுவிடலாம்தான். ஆனால் இந்தச் சொல் பக்கத்துக்கு நாலு முறை வருகிறது, ‘மில்க்‌ஷேக்குக்கு’ என்று வேற்றுமை ஏறும்போது நாக்கு தடுக்குகிறது. குழுவின் கருத்து தேவை.

---

மறு: [கலைச்சொல்] மில்க்‌ஷேக்
எழுதியவர்: பால்பொருள் நுட்பர்

> பால்குலுக்கி, பாற்குலுக்கு

ஜாடிக்குள் நடப்பதைப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். அங்கே யாரும் எதையும் குலுக்குவதில்லை. ஆங்கிலச் சொல் அச்சில் தெரியவந்த 1885 வாக்கில் அது முட்டையும் விஸ்கியும் சேர்ந்த பானம், கையால் குலுக்கித் தந்தார்கள். ஜாடியின் அடியில் அலகு சுழலும் கருவியை ஸ்டீபன் போப்லாவ்ஸ்கி உருவாக்கியது 1922இல். இன்று நாம் குடிக்கும் கெட்டியான பானம் அந்த வகைக் கருவிகளோடு வந்தது. பெயரில் மட்டும் பழைய குலுக்கல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாம் எதற்கு அந்தப் புதைபடிவத்தை மொழிபெயர்க்க வேண்டும்?

நடப்பது இதுதான். பனிக்கூழில் நான்கு பொருள்கள் இருக்கின்றன: நுண்ணிய பனித்துகள், கொழுப்பு, சர்க்கரை கரைந்த உறையாத நீர், காற்று. அலகு இதை உடைத்துப் பாலோடு கலக்கிறது, புதிதாகக் கொஞ்சம் காற்றையும் உள்ளே இழுக்கிறது. பால்புரதம் காற்றுக் குமிழிகளைச் சுற்றிப் படலம் கட்டுகிறது. உருகாமல் மிஞ்சும் பனித்துகள்தான் கெட்டித்தன்மை தருகிறது. நன்றாக வந்த பானம் சுழியத்துக்குக் கீழே 2, 3 பாகை செல்சியஸில் இருக்கும். முழுக்க உருகினால் அது இனிப்பான குளிர்ந்த பால், அவ்வளவே.

ஆகவே பெயரில் இருக்க வேண்டியது அசைவு அல்ல, பதம்.

---

மறு: [கலைச்சொல்] மில்க்‌ஷேக்
எழுதியவர்: இலக்கணம் பார்ப்பவர்

பதம் என்று சொன்னது வழி காட்டுகிறது. நம் சமையலறையில் இதற்கான வினைகள் ஏற்கெனவே நாலைந்து உண்டு: அடி, கடை, ஆற்று, கலக்கு, குழை.

‘அடி’ பேச்சில் இருப்பது; மிக்ஸியில் அடிக்கிறோம். ஆனால் ‘அடிபால்’ என்று எழுதினால் பாத்திரத்தின் அடியில் தங்கிய பால், அதுவும் தீய்ந்த பால். ‘கடைபால்’ எழுத்தில் அழகு. ஒற்று ஒன்று கூடினால் கடையில் வாங்கிய பாலாகிவிடும். அதைவிடப் பெரிய குறை: கடைதல் என்பது தமிழில் பிரிக்கும் வேலை. மத்தால் கடைந்தால் வெண்ணெய் ஒரு பக்கம், மோர் ஒரு பக்கம். நமக்கு வேண்டியது பிரியாமல் சேர்ந்து நிற்பது.

‘குழை’ அதைச் செய்கிறது. மாவைக் குழைக்கிறோம், சந்தனத்தைக் குழைக்கிறோம். இரண்டு பொருள் ஒன்றோடு ஒன்று இழைந்து மென்மையாகும் பதம். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகையாக்கினால் குழைபால். குழைந்த பால், குழைகிற பால் இரண்டும் அதில் அடக்கம். இரண்டு அசையில் முடிகிறது, வேற்றுமை தடையின்றி ஏறுகிறது: குழைபாலை, குழைபாலுக்கு.

---

மறு: [கலைச்சொல்] மில்க்‌ஷேக்
எழுதியவர்: சமையற்குறிப்புத் தொகுப்பாளர்

இரண்டு தடைகள்.

ஒன்று, ‘சோறு குழைஞ்சு போச்சு’ என்றால் பதம் கெட்டுப்போனது என்று பொருள். சாப்பாட்டில் ‘குழை’ பல நேரம் குறை. இரண்டு, குழை என்றால் தழை, காதணி. குழைபாலைப் பச்சிலைச் சாறு என்று படிக்க மாட்டார்களா? புதினா விஷயத்தில் அது ஒருவேளை பொருந்தித் தொலைக்கலாம், சாக்லேட் வந்தால் என்ன செய்வது?

‘பனிக்கூழ்ப்பால்’ என்று வெளிப்படையாகச் சொன்னால் என்ன? பனிக்கூழும் பாலும்தானே.

---

மறு: [கலைச்சொல்] மில்க்‌ஷேக்
எழுதியவர்: இலக்கணம் பார்ப்பவர்

> குழை என்றால் தழை, காதணி

இதற்கு ஒற்று பதில் சொல்கிறது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது, ஆகவே *குழைபால்*. தழையின் பால் என்று பெயர்ச்சொல் சேர்ந்தால் *குழைப்பால்*. ஒரு ‘ப்’ இரண்டையும் பிரித்துவிடுகிறது. மெய்ப்பு பார்ப்பவர் மட்டும் விழிப்பாக இருக்க வேண்டும். பிழைதிருத்தி மென்பொருள்கள் இதில் ‘ப்’ சேர்க்கத் துடிக்கும்.

சோறு குழைவது குறை, பருப்பு குழைவது நிறை. பொருளைப் பொறுத்தது.

---

மறு: [கலைச்சொல்] மில்க்‌ஷேக்
எழுதியவர்: பால்பொருள் நுட்பர்

> பனிக்கூழும் பாலும்தானே

எப்போதும் இல்லை. பனிக்கூழ் இல்லாமலும் செய்யலாம்: பாலைக் கட்டிகளாக உறையவைத்து, 200 கிராம் பால்கட்டிக்கு 100 மி.லி. குளிர்ந்த பால், 2 மேசைக்கரண்டி பால்பொடி, சர்க்கரை சேர்த்து அடிப்பது. பால்பொடி சேர்க்காவிட்டால் பதம் நிற்காது, திடப்பொருள் போதாது. ‘பனிக்கூழ்ப்பால்’ என்றால் இந்த வகை வெளியே போய்விடும். குழைபாலுக்கே என் ஓட்டு.

பெயர் ஒருபுறம் இருக்க, குறிப்பில் ‘2 கோப்பை பனிக்கூழ்’ என்று இருந்தால் அதை அப்படியே மொழிபெயர்க்காதீர்கள். பனிக்கூழில் காற்று எவ்வளவு என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். கலவையின் கன அளவு இரண்டு மடங்காகும் வரை காற்று ஏற்றியிருந்தால் 500 மி.லி. டப்பாவின் உள்ளே 275 கிராம்தான் இருக்கும். கால் பங்கு மட்டும் பெருகியிருந்தால் அதே டப்பா 440 கிராம். கோப்பையால் அளந்தால் ஒருவருக்குத் தண்ணீராக வரும், இன்னொருவருக்குக் கரண்டி நிற்கும். கிராமில் கொடுங்கள்: 300 கிராம் பனிக்கூழுக்கு 120 மி.லி. பால், இரண்டு தம்ளர் வரும்.

இந்தப் பெருக்கத்துக்கும் ஒரு சொல் வேண்டும். ‘காற்றேற்றம்’ என்பது செயலின் பெயர், விகிதத்தின் பெயர் அல்ல. பூரி உப்புவதை வைத்து ‘உப்பல் விகிதம்’ என்று சொல்லிப் பார்க்கிறேன். உப்பைப் பற்றியது என்று யாராவது நினைத்தால் சிரித்துக்கொண்டே திருத்தலாம்.

---

மறு: [கலைச்சொல்] எசன்ஸ், பெப்பர்மின்ட்
எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர்

குழைபால் ஏற்கிறேன். அடுத்த சிக்கல்: மூலத்தில் ‘பெப்பர்மின்ட் எக்ஸ்ட்ராக்ட் கால் தேக்கரண்டி’. ‘மிளகுப்புதினாச் சாறு’ என்று போட்டிருந்தேன்.

---

மறு: [கலைச்சொல்] எசன்ஸ், பெப்பர்மின்ட்
எழுதியவர்: சமையற்குறிப்புத் தொகுப்பாளர்

‘சாறு’ கூடவே கூடாது. படிப்பவர் புதினாவை அரைத்துப் பிழிந்து கால் தேக்கரண்டி விடுவார். ஒரு மணமும் வராது. வாங்கும் புட்டியில் ‘எசன்ஸ்’ என்றுதான் இருக்கும், அதையே எழுதுங்கள். கலைச்சொல் ஆசையில் புட்டியையும் குறிப்பையும் பிரித்துவிடக் கூடாது. ‘பெப்பர்மின்ட்’ மட்டும் தனியாக நிற்கவும் கூடாது. தமிழில் அது மிட்டாய். கால் தேக்கரண்டி மிட்டாய் நொறுக்கிப் போடுவார்கள். ‘பெப்பர்மின்ட் எசன்ஸ்’ என்று சேர்த்தே வரட்டும்.

எண்ணெய் வேறு, எசன்ஸ் வேறு என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள். பெப்பர்மின்ட் எண்ணெய் பல மடங்கு வீரியமானது. உண்ணத் தகுந்தது என்று குறித்த எண்ணெயாக இருந்தாலும் இந்த அளவுக்கு ஒரு சொட்டு போதும். அதையும் நேரே பாலில் விட்டால் மேலே மிதக்கும், முதல் வாயில் நெஞ்சு எரியும், கடைசி வாயில் ஒன்றுமே இருக்காது. ஒரு தேக்கரண்டி சர்க்கரையில் பிசறிவிட்டுப் போட வேண்டும்.

---

மறு: [கலைச்சொல்] எசன்ஸ், பெப்பர்மின்ட்
எழுதியவர்: பால்பொருள் நுட்பர்

பச்சைப் புதினா போட்டால் எசன்ஸ் எதற்கு என்று கேட்பார்கள். சமையலறைப் புதினா பெரும்பாலும் ‘ஸ்பியர்மின்ட்’ வகை. அதன் மணப்பொருள் கார்வோன்; மெந்தால் அதில் இல்லை என்றே சொல்லலாம். பெப்பர்மின்ட், நீர்ப்புதினாவும் ஸ்பியர்மின்ட்டும் கலந்த கலப்பினம். அதில்தான் மெந்தால் மிகுதி. மெந்தால் நாவைக் குளிரவைப்பதில்லை, குளிரை உணரும் நரம்பு ஏற்பியைத் தட்டிவிட்டுக் குளிர்ந்ததாக நம்பவைக்கிறது. அதைத் தமிழில் ‘புதினா உப்பு’ என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள், ‘ஓம உப்பு’ போல. அதற்குப் புதுச் சொல் தேட வேண்டாம்.

இலை மணத்துக்கும் நிறத்துக்கும், எசன்ஸ் குளிர்ச்சிக்கும். இரண்டையும் சேர்த்தால்தான் முழுச் சுவை.

இலை போடுவதானால் காம்பு நீக்கி 15 இலை. பச்சையாக அரைத்தால் அரைமணி நேரத்தில் பழுப்பேறும், இலையின் நொதி காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை. கொதிநீரில் 10 முதல் 15 நொடி முக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டுப் பிழிந்தால் நொதி அடங்கிவிடும், பச்சை நிற்கும். கொதிநீரில் நீண்ட நேரம் விட்டால் பச்சையத்திலிருந்து மக்னீசியம் கழன்று ஆலிவ் காய் நிறத்துக்குப் போய்விடும். எலுமிச்சை பிழிந்தாலும் அதே கதைதான், கூடவே பாலும் திரியும்.

---

மறு: [கலைச்சொல்] மில்க்‌ஷேக் – வரைவு
எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர்

எல்லாவற்றையும் சேர்த்த வரைவு கீழே. பார்த்துச் சொல்லுங்கள்.

புதினாக் குழைப்பால் (2 தம்ளர்)

பனிக்கூழ் 300 கிராம், குளிர்ந்த பால் 120 மி.லி., பெப்பர்மின்ட் எசன்ஸ் கால் தேக்கரண்டி, புதினா இலை 15, சர்க்கரை 1 மேசைக்கரண்டி. மேலே வைக்க: கிரீம் 100 மி.லி., மிட்டாய் 2.

கண்ணாடித் தம்ளர்களை உறைபெட்டியில் கால் மணி நேரம் வைக்கவும். பனிக்கூழை வெளியே எடுத்து 5 முதல் 7 நிமிடம் விடவும். கரண்டி சற்றே அழுத்தி இறங்க வேண்டும். கல்லாக இருக்கும்போது அடித்தால் அலகு வெற்றிடத்தில் சுற்றும், அதைச் சரிசெய்யப் பால் ஊற்றி ஊற்றிக் கடைசியில் தண்ணீராகும்.

கொதிநீரிலும் உடனே ஐஸ் தண்ணீரிலும் முக்கிப் பிழிந்த இலையைச் சர்க்கரையோடும் 2 மேசைக்கரண்டி பாலோடும் அரைத்து வடிகட்டவும். மிக்ஸியில் முதலில் மீதிப் பால், பிறகு இலைச்சாறு, எசன்ஸ், கடைசியில் பனிக்கூழ். 10 நொடி அடித்து நிறுத்தி, ஓரத்தில் ஒட்டியதைக் கரண்டியால் தள்ளி, மறுபடி 10 நொடி. அதற்கு மேல் ஓடினால் உராய்வுச் சூட்டில் பனித்துகள் உருகும். ஐஸ்கட்டி சேர்க்க வேண்டாம். சேர்த்தால் சிறிது நேரத்தில் அடியில் நீரும் மேலே நுரையுமாகப் பிரியும்.

கிரீம் 30 சதவீதத்துக்கு மேல் கொழுப்புள்ளதாக, நன்றாகக் குளிர்ந்ததாக இருக்கட்டும். அதை நுரைக்க அடித்து, கரண்டியை எடுத்தால் முனை சாயாமல் நிற்கும்போது நிறுத்தவும். மிட்டாயை உறையில் போட்டுச் சப்பாத்திக் கட்டையால் நொறுக்கி, பரிமாறும் நொடியில் தூவவும்.

---

மறு: [கலைச்சொல்] மில்க்‌ஷேக் – வரைவு
எழுதியவர்: சமையற்குறிப்புத் தொகுப்பாளர்

நன்று. மிட்டாயை முன்கூட்டியே தூவினால் கிரீமின் ஈரத்தில் கரைந்து சிவப்புச் சாயம் வழியும் என்ற காரணத்தையும் சேருங்கள். காரணம் இல்லாத கட்டளையை யாரும் மதிப்பதில்லை. எசன்ஸைப் பாதி விட்டுச் சுவைத்துப் பிறகு மீதி விடச் சொல்லுங்கள், புட்டிக்குப் புட்டி வீரியம் மாறும். இனிப்பு குளிரில் மங்கித் தெரியும் என்பதால் பனிக்கூழின் இனிப்பைப் பார்த்துச் சர்க்கரையைக் குறைக்க வேண்டாம்.

---

மறு: [கலைச்சொல்] மில்க்‌ஷேக் – வரைவு
எழுதியவர்: இலக்கணம் பார்ப்பவர்

தலைப்பில் ‘ப்’ புகுந்திருக்கிறது. இப்போது அது தழைப்பால்.