மணிலா கப்பல்: 1565-இல் உலகம் ஒன்றானதில் பெருமை யாருக்கு, செலவு யாருக்கு?

நெய்தலான்:
பள்ளிக்கூடத்தில் நமக்கு இரண்டு ஆண்டுகளை மனப்பாடம் பண்ண வைத்தார்கள்: கொலம்பஸ் 1492, வாஸ்கோ ட காமா 1498. 1565 பற்றி யாரும் மூச்சு விடவில்லை. உலகம் ஒரு சுற்றாக ஒன்று சேர்ந்தது அந்த ஆண்டில்தான் என்பது என் வாதம்.

விஷயம் இதுதான். மெக்சிகோவின் மேற்குக் கரையிலிருந்து பாய் விரித்தால் கீழைக்காற்றே கப்பலை ஆசியாவுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். திரும்பி வரத்தான் வழி தெரியாது. 1522-இல், ஸ்பெயினுக்காகக் கடலேறிய மெகல்லன் அணியின் டிரினிடாட் கப்பல் முயன்று தோற்றது. அப்புறம் வந்தவர்களும் தோற்றார்கள். 1565 ஜூன் 1 அன்று பிலிப்பைன்ஸின் செபுவிலிருந்து சான் பெத்ரோ என்ற ஸ்பானியக் கப்பல் கிளம்பியது. வழிகாட்டி, ஆந்த்ரேஸ் தெ உர்தனேத்தா. கடலோடியாக இருந்து துறவியானவர். கப்பல் நேர்கிழக்கே போகாமல் வடக்கே ஏறியது. ஜப்பானை ஒட்டி ஓடும் குரோஷியோ நீரோட்டத்தையும், அந்த வடக்கு அட்சரேகையில் மேற்கிலிருந்து வீசும் காற்றையும் பிடித்துக் கலிஃபோர்னியா பக்கம் போய்ச் சேர்ந்து, கரையோரமாகத் தெற்கே இறங்கி, அக்டோபர் 8 அன்று மெக்சிகோவின் அகபுல்கோ துறைமுகத்தை அடைந்தது.

அதற்குப் பிறகு 1815 வரை, 250 ஆண்டுகள், மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இதே வழியில் கப்பல் ஓடியது. வெள்ளி மேற்கே வந்தது, பட்டும் பீங்கானும் கிழக்கே போயின. கூடவே கிழங்கு, விதை, மனிதர்கள். கடலில் தீர்க்கரேகையைக் கணக்கிட வழியே இல்லாத காலத்தில் இதைச் செய்தார்கள். காலனியம் கொடுமை என்பதற்காக இந்தச் சாதனையையும் சேர்த்துக் குப்பையில் போட முடியாது. மறுப்பவர்கள் வாருங்கள்.

கயல்விழி:
மறுக்கத்தான் வந்திருக்கிறேன் அண்ணா. ஐரோப்பியர் வந்து சேர்க்கும்வரை ஆசியக் கடல் சிதறிக் கிடந்தது போலத் தொனிக்கிறது நீங்கள் எழுதியது.

1521-இல் மெகல்லன் பிலிப்பைன்ஸ் தீவுகளை எட்டியபோது, அவர் மலாக்காவில் வாங்கிய அடிமை என்ரிக்கே பேசிய மலாய் அங்கிருந்த அரசருக்குப் புரிந்தது. அதுவரை எந்த ஐரோப்பியக் கப்பலும் எட்டாத தீவில் ஒரு வணிக மொழி தயாராக இருந்தது என்றால், அந்தக் கடல் எவ்வளவு காலமாகப் பேசிக்கொண்டிருந்திருக்கும்! அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்னால் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ-வின் கப்பல்கள் இலங்கைக்கு வந்தன. அங்கே காலி நகரில் கிடைத்த 1409-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். தமிழ்ப் பகுதி தெனவரைக் கோயிலின் தெய்வமான தெனவரை நாயனாருக்குக் கொடுத்த காணிக்கையைச் சொல்கிறது. அது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

பசிபிக்கையும் ஸ்பானியர்தான் முதலில் கடந்தார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கு தென் அமெரிக்கப் பயிர். பசிபிக் நடுவிலுள்ள பாலினேசியாவின் மங்கையா தீவில் கரிந்த நிலையில் கிடைத்த அந்தக் கிழங்கு, கொலம்பஸுக்குப் பல தலைமுறை முந்தையது.

நெய்தலான்:
கயல்விழி, இதில் ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை. இந்தியப் பெருங்கடல் பழைய சந்தை, சரி. பாலினேசியர்கள் தென் அமெரிக்க மக்களோடு கலந்ததும் சரி. ஆனால் அந்த வழியில் ஆண்டுக்கு ஆண்டு சரக்கு ஓடியதா? பெருவில் வெட்டிய உலோகம் சீனாவில் வரியாகக் கட்டப்படும் நிலை 1565-க்கு முன்னால் எங்கே இருந்தது? நான் பேசுவது அறுபடாமல் ஓடிய போக்குவரத்தை.

தாமிரவருணி:
பெருவில் வெட்டிய உலோகம் என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். யார் வெட்டினார்கள்?

பொட்டோசி மலையில் வெள்ளி தெரியவந்தது 1545-இல். அன்று பெரு ஆட்சிப்பகுதியில் இருந்த, இன்றைய பொலிவியாவில், கடல்மட்டத்திலிருந்து 4,000 மீட்டர் உயரம். 1573-இல் ஸ்பானிய வைசிராய் தொலேதோ, ஸ்பானியருக்கு முன் அங்கே ஆண்ட இன்கா காலத்து ஊழிய முறையின் பெயரையே எடுத்து 'மிட்டா' என்று ஓர் ஏற்பாடு செய்தார். சுற்றியிருந்த மாகாணங்களில் வயதுவந்த ஆண்களில் ஏழில் ஒருவர் முறைவைத்துப் போக வேண்டும். ஆண்டுக்கு ஏறக்குறைய 13,000 பேர். பெண்டாட்டி பிள்ளைகளோடு, லாமா என்ற சுமை விலங்குகளில் உணவை ஏற்றிக்கொண்டு, வாரக்கணக்கில் நடந்து வந்தார்கள். சுரங்கத்துக்குள் கொழுப்பு மெழுகுவத்தி வெளிச்சத்தில், தோல் ஏணியில் தாதுக்கல்லைச் சுமந்து ஏறினார்கள். மேலே வந்ததும் வியர்த்த உடம்பில் மலைக்குளிர் அடிக்கும்.

அடுத்தது பாதரசம். இடித்த தாதுவில் பாதரசத்தையும் உப்பையும் கலந்து மிதித்துப் பிசைந்து, பிறகு சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்கினால் வெள்ளி மிஞ்சும். அந்த ஆவி யாருடைய நெஞ்சுக்குள் போயிருக்கும்? பாதரசம் வந்த உவான்கவெலிக்கா சுரங்கம் இன்னும் மோசம்; அங்கே போய் வந்தவர்களுக்குக் கைகால் நடுக்கம் நிற்கவில்லை. அந்த வட்டாரத்து மண்ணில் இன்றும் பாதரசம் இருக்கிறது. மிட்டா சட்டப்படி ஒழிந்தது 1812-இல். உங்கள் கப்பல் ஓடிய 250 ஆண்டில் பெரும்பகுதி இது நடந்திருக்கிறது. இதைச் சொல்லாமல் காற்றையும் நீரோட்டத்தையும் மட்டும் சொன்னால் கணக்கில் வரவுப் பக்கத்தை மட்டும் படிக்கிறோம்.

ரஃபி காயல்:
தாமிரவருணி சொன்னது அத்தனையும் உண்மை. ஒரு திருத்தம் மட்டும்: மணிலாவுக்குப் போன வெள்ளி முழுதும் பொட்டோசி வெள்ளி இல்லை. மெக்சிகோவின் சகாத்தேகாஸ் போன்ற சுரங்கங்களின் பங்கும் பெரிது. அங்கே பெரும்பாலும் கூலிக்கு வந்தவர்கள்தான் வேலை செய்தார்கள்.

இன்னொன்று, இழுத்தது யார் என்பது. சீனாவை ஆண்ட மிங் அரசு 1580-களில் வரிகளைச் சேர்த்து வெள்ளியாக வாங்கும் முறையை நாடெங்கும் கொண்டுவந்தது. சீனாவில் ஒரு பங்கு தங்கத்துக்கு ஏறக்குறைய 6 பங்கு வெள்ளி, ஸ்பெயினில் 12 பங்கு. வெள்ளிக்கு இரட்டை மதிப்பு கிடைக்கும் இடத்துக்கு அது ஓடாமல் என்ன செய்யும்? சீனாவின் ஃபூஜியான் மாகாணத்து யுவேகாங் துறைமுகத்திலிருந்து தனியார் கப்பல்கள் வெளிநாடு போக 1567-இல் அனுமதி கிடைத்தது. மணிலா சந்தையை நிரப்பியவர்கள் அந்த வணிகர்கள். ஸ்பானியர் அதில் கடைசி ஆளாக வந்து சேர்ந்த பெரிய வாடிக்கையாளர்கள். அந்த வகையில் நான் கயல்விழி பக்கம்.

நெய்தலான்:
செலவை மறைக்க நான் வரவில்லை, தாமிரவருணி. ஆனால் இந்தப் போக்குவரத்து உயிரையும் காப்பாற்றியிருக்கிறது. சென் சென்லுங் என்ற ஃபூஜியான் வணிகர் 1593-இல் பிலிப்பைன்ஸின் லூசோன் தீவிலிருந்து சர்க்கரைவள்ளிக் கொடியைக் கொண்டுபோனார். வெளியே விட ஸ்பானியருக்கு மனமில்லை, கப்பல் கயிற்றோடு கொடியை முறுக்கிக் கடத்தினார் என்று சொல்வார்கள். அடுத்த ஆண்டு பஞ்சம். அவர் மகன் ஆளுநரிடம் எடுத்துச் சொல்ல, ஆளுநர் மாகாணம் முழுக்க நடச் சொன்னார். நெல் விளையாத மணற்காட்டிலும் சரிவிலும் அது விளைந்தது. ஃபூஜியானின் தலைநகரான ஃபூஜோவில் அவர்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிட்டார்கள். நன்றியில் எழுந்த கோயில் அது, காலனிக்காரன் வைத்த சிலை இல்லை.

கயல்விழி:
அதே கிழங்கின் அடுத்த அத்தியாயத்தையும் படியுங்கள். நெல் ஏறாத மலைச்சரிவில் மக்காச்சோளமும் சர்க்கரைவள்ளியும் ஏறின. நிலமில்லாத ஜனங்கள் 18-ஆம் நூற்றாண்டில் யாங்சி படுகையின் மலைகளில் குடிசை போட்டு, காட்டை எரித்து நட்டார்கள். சில ஆண்டில் மேல்மண் மழையோடு இறங்கிவிடும், அடுத்த சரிவுக்குப் போவார்கள். இறங்கிய மண் கீழே நெல்வயலை மூடியது, ஆற்றை மேடாக்கியது, வெள்ளம் கூடியது. சில மாவட்டங்களில் அதிகாரிகள் மலைக்குடிகளை வெளியேற்றவே பார்த்தார்கள்.

அந்த ஏழைகளை நான் குறை சொல்லவில்லை. புதுப் பயிர் ஒன்று வந்தால் அதோடு எந்த மலை கரையும் என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

ரஃபி காயல்:
எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த இடம் மெக்சிகோவின் கொலிமா. அங்கே இன்றும் 'தூபா' என்று ஒரு பானம் விற்கிறார்கள். தென்னை ஏறி, பாளை சீவி, வடியும் பதநீரைப் பிடித்துச் சுரைக்குடுக்கையில் தோளில் சுமந்து வந்து, மேலே வேர்க்கடலை தூவிக் கொடுப்பார்கள். கற்றுக்கொடுத்தவர்கள் பிலிப்பைன்ஸ் மாலுமிகள். அகபுல்கோவில் இறங்கியதும் கப்பலைக் கைவிட்டுவிட்டுக் கரையோரத் தென்னந்தோப்புகளுக்குப் போனவர்கள்.

1619-இல் செபஸ்தியான் தெ பினேதா என்ற கப்பல் தளபதி ஸ்பெயின் மன்னருக்கு இதைப் புகாராகவே எழுதினார். முந்தைய ஆண்டு எஸ்பிரித்து சாந்தோ கப்பலில் போன 75 பிலிப்பைன்ஸ் மாலுமிகளில் 5 பேருக்கு மேல் திரும்பவில்லையாம். இவர்கள் இறக்கும் கள்ளும் காய்ச்சும் சாராயமும் உள்ளூர் மக்களுக்குப் பிடித்துப்போனதால் ஸ்பெயின் ஒயினுக்கு விலைபோகாது என்றும் பயந்தார். மன்னரும் தளபதியும் திட்டமிடாத இணைப்பு இது. ஓடிப்போனவர்கள் உண்டாக்கியது. பெருமை என்றால் நான் இவர்களுக்குக் கொடுப்பேன்.

தாமிரவருணி:
ஏன் ஓடினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கப்பல்களைக் கட்டியதே பிலிப்பைன்ஸ் மக்களின் கட்டாய உழைப்பு. காட்டில் மரம் வெட்டி, கரைக்கு இழுத்து, மணிலா அருகே கவித்தே கப்பல் பட்டறையில் அறுத்தார்கள். 1649-இல் விசாயத் தீவுகளிலிருந்தும் ஆட்களை கவித்தேவுக்கு அனுப்பச் சொன்னதும் சமார் தீவில் சுமுரோய் தலைமையில் கலகம் வெடித்தது. அது பக்கத்துத் தீவுகளுக்கும் பரவியது.

பெருமையைப் பற்றியும் ஒன்று. உர்தனேத்தாவுக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பே, 1565 ஆகஸ்டில், அதே பயணத்தை முடித்து மெக்சிகோ திரும்பிய, அவரது அணியிலேயே கிளம்பிய சிறு கப்பல் ஒன்று உண்டு: சான் லூகாஸ். அதை ஓட்டியவர் லோப்பே மார்ட்டின், ஆப்பிரிக்க வம்சாவளிப் போர்த்துக்கீசியர். அணியை விட்டுப் பிரிந்து ஓடினார் என்று குற்றம்சாட்டி, தண்டனை வாங்க அவரைத் திரும்பவும் பிலிப்பைன்ஸுக்கே அனுப்பினார்கள். நெய்தலான் அண்ணா தொடங்கிய பதிவிலும் அவர் பெயர் இல்லை.

நெய்தலான்:
லோப்பே மார்ட்டின் முதலில் வந்தார், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அடுத்த 250 ஆண்டு மாலுமிகள் பின்பற்றியது உர்தனேத்தா குழு பதிவுசெய்த வழியைத்தான். அதனால்தான் அவரில் தொடங்கினேன். என் வாதத்தை இப்படி வைக்கிறேன்: சுரங்கக் கொடுமை காற்றுவழியால் பிறக்கவில்லை. மிட்டாவைச் சட்டமாக்கியது ஓர் அரசு. வழி தெரிந்த பிறகு வேறு விதமாக வணிகம் செய்திருக்க முடியும். செய்யாதது ஆட்சியாளர்களின் குற்றம். கடலோடியின் அறிவை அதோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

கயல்விழி:
பிரித்துப் பார்க்க முடிந்தால் நல்லதுதான் அண்ணா. ஆனால் உர்தனேத்தாவை அனுப்பியதே ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப். சரக்குக்கும் குடியேற்றத்துக்கும் வழி தேடித்தான். குவாமை எடுத்துக்கொள்ளுங்கள். அகபுல்கோவிலிருந்து வரும் கப்பல்கள் தண்ணீர் பிடிக்க நின்ற தீவு. 1668-இல் அங்கே மதப் பணிக்குழு இறங்கியது, பின்னாலேயே படை வந்தது. போரிலும் பெரியம்மையிலும் பூர்வகுடிகளான சமோரோ மக்கள் செத்தார்கள், மற்ற மரியானா தீவுகளில் இருந்தவர்களையும் பிடித்து வந்து குவாமில் அடைத்தார்கள். 1710 கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் 4,000 பேர்கூட இல்லை. அந்தத் தீவில் வெள்ளியும் இல்லை, பட்டும் இல்லை. கப்பல் வழியில் இருந்தது, அவ்வளவுதான். இங்கே காற்றுவழியையும் ஆட்சியையும் எந்த இடத்தில் பிரிப்பீர்கள்?