நிதிக்காக முதல் நெடுந்தூர சைக்கிள்: வழியில் பார்த்த ஒருவர்

காட்பாடி டீச்சர்:

தை மாதக் கடைசி ஞாயிறு. வேலூர் கோட்டையிலிருந்து திருவண்ணாமலை, ஏறத்தாழ 85 கிலோமீட்டர். புற்றுநோய் வந்த குழந்தைகளின் சிகிச்சைக்கு நிதி. எனக்கு வயது 43. அதற்கு முன் நான் சைக்கிள் ஓட்டிய தூரம் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம்வரைதான். மூன்று மாதம் பழகினேன். பழகிய கதையை இங்கே எல்லோரும் முன்பே எழுதிவிட்டீர்கள், அதை விடுகிறேன். கண்ணமங்கலம் தாண்டி நடந்ததை மட்டும் எழுத வேண்டும் என்று வந்தேன்.

ஆறரைக்குக் கிளம்பியவர்கள் நாங்கள். சந்தவாசல் வருவதற்குள் நல்ல வெயில் ஏறிவிட்டது. ஒரு மேட்டில் கியர் மாற்றினேன், செயின் கழன்றுவிட்டது. ஓரமாக ஒரு புளியமரம். அடியில் ஒரு பாட்டி கூடையில் அவித்த மல்லாட்டை (வேர்க்கடலை) வைத்து விற்றுக்கொண்டிருந்தார். நான் செயினை மாட்டும்வரை எதுவும் பேசவில்லை. மாட்டி முடித்ததும் என் கையைப் பார்த்துவிட்டுத் தன் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றினார். "எங்கம்மா போற இந்த வெயில்ல?"

சொன்னேன். நோய் வந்த பிள்ளைகளுக்குக் காசு சேர்க்கிறோம், தெரிந்தவர்கள் கொடுக்கிறார்கள், அதற்காக ஓட்டுகிறோம் என்று.

"பச்சப் புள்ளைங்களுக்கா?" என்று கேட்டார். அப்புறம் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். எட்டாக மடித்த ஒரு இருபது ரூபாய்த் தாள். அதைப் பிரித்து, தொடையில் வைத்து நீவி, என்னிடம் நீட்டினார்.

நான் வாங்கவில்லை. "வேணாம் பாட்டி, நீங்க வச்சுக்கோங்க" என்றேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். நீட்டிய கை அப்படியே இருந்தது. "ஏன், என் காசு ஆவாதா?" என்றார். கோபமே இல்லை. நிஜமாகவே கேட்டார், ஆகுமா ஆகாதா என்று. எனக்குப் பதில் வரவில்லை. "இல்ல பாட்டி" என்று எதையோ சொல்லிவிட்டு ஏறி மிதித்துவிட்டேன்.

மூன்று மாதமாக நகைக்கடை, துணிக்கடை, சக ஆசிரியர்கள், மாமனார் ஊர்க்காரர்கள் என்று ஒருவர் விடாமல் போய்க் கேட்டவள் நான். 61,000 ரூபாய் சேர்ந்தது. கேட்காமலே கொடுக்க வந்தவர் ஒரே ஒருவர். அவரைத்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போளூர் தாண்டி அண்ணாமலை கண்ணுக்குத் தெரிந்ததும் கூட வந்தவர்கள் எல்லாம் கூச்சல் போட்டார்கள். எனக்கு அந்த நீட்டிய கைதான் கண்ணுக்குள் நின்றது. இன்னும் நிற்கிறது.

உங்களுக்கு இப்படி யாராவது?

ஆம்பூர்ப் பையன்:

எனக்கும் ஒருவர் இருக்கிறார், டீச்சர். நாங்கள் போனது வேலூரிலிருந்து ஏலகிரி. முதியோர் இல்லத்துக்குக் கட்டடம் கட்டும் நிதி. பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டும்வரை நான்தான் முன்னால். மாதனூர் பக்கத்தில் பின் டயர் இறங்கியது. டியூப் மாற்றத் தெரியும், பழகியிருந்தேன். மாற்றினேன். கையில் இருந்த குட்டிப் பம்பு பாதியிலேயே பழுது. கூட வந்தவர்கள் போய்விட்டார்கள். முதல் ஆளாக ஓடினால் இதுதான், நிற்பதைப் பின்னால் வருபவர்கள் ஓய்வு என்று நினைத்துக்கொள்வார்கள்.

சர்வீஸ் ரோட்டில் லாரி பஞ்சர் கடை ஒன்று. அறுபதைத் தாண்டிய ஒரு பாய். என் டியூபில் இருப்பது பிரெஸ்டா வால்வு, ஊசி மாதிரி ஒல்லியாக இருக்கும். லாரிக்கும் பைக்குக்கும் காற்றுப் பிடிக்கிற முனை அதில் உட்காராது. நம் பழைய ஹெர்குலஸ் வண்டிகளின் வால்வும் வேறு. அவர் வந்து குனிந்து பார்த்தபோதே நான், "இது உங்களால ஆகாது பாய், இதுக்குத் தனி அடாப்டர் வேணும், விடுங்க" என்றேன். அவர் இன்னும் கையைக்கூட வைக்கவில்லை. அதற்குள் சொல்லிவிட்டேன்.

அவர் பேசவில்லை. வால்வின் மேல் இருந்த சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். அதன் மூடிய நுனியை பிளேடால் நறுக்கினார். வால்வின் தலையில் இருந்த குட்டி நட்டைத் தளர்த்திவிட்டு, மூடியைத் தலைகீழாகத் திருகினார். அகன்ற பக்கம் மேலே வந்தது. அதன்மேல் லாரி முனையை வைத்து அழுத்தினார். காற்று ஏறியது! அந்த வால்வை அவர் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறார்.

பத்து ரூபாய் வாங்கிக்கொண்டார். "தம்பி, காத்து எல்லாத்துக்கும் ஒண்ணுதான்" என்றார். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டேன். அன்றைக்கு ஏலகிரி மலையில் 14 வளைவையும் ஏறி முடித்தேன். ஔவையார், பாரி என்று ஒவ்வொரு வளைவுக்கும் பெயர்ப்பலகை வரும். ஒவ்வொன்றிலும் அவர் முகம்தான்.

வாலாஜா வண்டிக்காரர்:

டீச்சர், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆறரைக்குக் கிளம்பியதே தப்பு. நம் ஊரில் தையிலேயே ஒன்பது மணி வெயில் முதுகைச் சுடும். சித்திரை, வைகாசியில் 40 டிகிரி சர்வ சாதாரணம். முதல் தடவை ஓட்டுகிறவரைச் சராசரி மணிக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்தாலும் 85-க்கு ஆறு மணி நேரம், நிற்கும் நேரம் தனி. நாலரைக்கு முன்னும் பின்னும் விளக்கு மாட்டிக் கிளம்பியிருந்தால் வெயில் உறைக்கும்போது போளூரில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

செயின் கழன்றதும் தானாக நடந்ததில்லை. மேட்டில் ஏறின பிறகு, பெடலை அழுத்தி மிதிக்கும்போதே கியரை மாற்றினால் செயின் கழலத்தான் செய்யும். மேடு தெரிந்ததும், சமதரையிலேயே லேசான கியருக்கு வந்துவிட வேண்டும். மாற்றும் நொடியில் காலின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும்.

என் கதை சின்னது. வேலூரிலிருந்து சென்னை, 140 கிலோமீட்டர், இதுவும் நிதிக்காகத்தான். காவேரிப்பாக்கம் ஏரிக்கரை வருவதற்குள் முழங்காலின் முன்பக்கம் வலி உயிர் போனது. எதிரே பால்கேன் கட்டிய பழைய வண்டியில் வந்த ஒரு பெரியவர், வண்டியை நிறுத்தாமலே, "சீட்ட ஏத்துப்பா, தவக்கள மாதிரி உக்காந்துகினு போற" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏற்றினேன். வலி நின்றது. அவர் மட்டும் அந்த வழியாக வராமல் இருந்திருந்தால் ஸ்ரீபெரும்புதூரைப் பார்த்திருக்க மாட்டேன்.

அதனால் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கும், அதுதான் அளவு. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். பஞ்சு வைத்த ஷார்ட்ஸ் போட்டால் உள்ளே ஜட்டி போடாதீர்கள், அந்தத் தையல்தான் தொடையை அறுக்கும். இதைச் சொல்ல எல்லோரும் கூச்சப்படுகிறார்கள், கூச்சப்பட்டவர்கள் எல்லாம் இரண்டு நாள் உட்கார முடியாமல் இருந்திருக்கிறார்கள். புது ஷூ, புது சீட் எதையும் அன்றைக்கு முதல் தடவையாகப் போடாதீர்கள். பயிற்சியில் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, 85 போகிறவர் அதற்கு முன் ஒரு தடவையாவது 60, 65 தொட்டுவிட வேண்டும். கடைசி வாரம் ஓய்வு. கைவிரல், முக்கியமாகச் சுண்டுவிரல் மரத்துப்போனால், உள்ளங்கையை ஹேண்டில்பாரில் ஒரே இடத்தில் ஊன்றாதீர்கள், அடிக்கடி பிடியை மாற்றுங்கள். தண்ணீர் மணிக்கு ஒரு லிட்டர், தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

பாட்டி விஷயத்தில் நீங்கள் செய்தது சரிதான். மல்லாட்டை விற்கிறவரிடம் இருபது ரூபாயை வாங்கிவிட்டு எந்த முகத்தோடு வண்டி ஏறுவது? மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள்.

நைட் டூட்டி:

நான் வேலூரில் நர்ஸ். ஓட்டியதில்லை. இப்படி ஒரு பயணத்தில் ஆற்காடு பக்கம் தண்ணீர் கொடுக்கும் இடத்தில் உதவிக்கு நின்றேன். வாலாஜா அண்ணா, மற்றதெல்லாம் சரி, தயவுசெய்து அந்த "மணிக்கு ஒரு லிட்டர், தாகம் இல்லாவிட்டாலும்" என்பதை மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள்.

அன்றைக்கு ஒரு பையன், இருபத்தைந்து வயது இருக்கும், முதல் தடவை. கடைசி ஆளாக வந்தான். வந்து நின்று, "அக்கா, என் சைக்கிள் எங்க?" என்று கேட்டான். ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே கேட்டான். விளையாடுகிறான் என்று சிரித்தேன். மறுபடி கேட்டான். மூன்றாவது தடவை கேட்கும்போது அவன் கண்ணைப் பார்த்தேன், எனக்கு வயிறு கலங்கிவிட்டது. விரல்கள் வீங்கி மோதிரம் சதையில் புதைந்திருந்தது. வாந்தி எடுத்தான், தலைவலி என்றான். காலையிலிருந்து ஒவ்வொரு இடத்திலும் இரண்டு பாட்டில் வெறும் தண்ணீர் குடித்திருக்கிறான். உப்பு ஒரு சிட்டிகைகூட இல்லை. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச்சத்து, 124. 135-க்குக் கீழே போனாலே குறைவு. பிழைத்துக்கொண்டான், நன்றாக இருக்கிறான். ஆனால் முதல் தடவை கேட்டபோது நான் சிரித்தேனே, அது போக மாட்டேன் என்கிறது.

வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறது. அளவுக்கு மேல் வெறும் தண்ணீரைக் குடித்தால் ரத்தத்தில் மிச்சமிருக்கும் சோடியமும் நீர்த்துப்போகும், மூளை வீங்கும். மெதுவாக, பல மணி நேரம் ஓட்டுகிறவர்களுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். வேகமாகப் போகிறவருக்குக் குடிக்க நேரம் இருக்காது. தாகம் எடுக்கும்போது குடியுங்கள், போதும். உப்பு போட்ட மோர், உப்பும் எலுமிச்சையும் கலந்த தண்ணீர், இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம் என்று இடையிடையே உள்ளே போக வேண்டும்.

ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி) வாங்கினால் பாக்கெட்டில் எழுதியபடி கலக்குங்கள். உலக சுகாதார நிறுவனம் 2002-ல் திருத்திய அளவுப்படி ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிக் குடிப்பவர்களை வார்டிலும் பார்க்கிறேன், பந்தலிலும் பார்த்தேன். அது தவறு. பழரசப் பெட்டியில் ஓஆர்எஸ் மாதிரி பெயர் போட்டு விற்ற சரக்கும் ஓஆர்எஸ் ஆகாது. இரத்த அழுத்தத்துக்கோ சிறுநீரகத்துக்கோ மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம். பேச்சு குழறுகிற ஆளுக்கு மேலும் தண்ணீர் கொடுக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

வாலாஜா வண்டிக்காரர்:

தண்ணீர் விஷயத்தில் தங்கை சொன்னதே சரி. எனக்குச் சொன்னவர் அப்படிச் சொன்னார், நானும் அப்படியே சொல்லி வந்துவிட்டேன். இனிச் சொல்ல மாட்டேன். ஆனால் பாட்டி விஷயத்தில் நான் சொன்னதுதான்.

தறிக்காரன் மகன்:

குடியாத்தத்திலிருந்து. வாலாஜா அண்ணா, அதில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

என் அப்பா லுங்கி நெய்தவர். நான் முதல் தடவை நிதிக்காக ஓட்டப் போகிறேன் என்றதும் வீட்டில் பெரிய சண்டை. "உனக்கு ஆசையா இருந்தா ஓட்டு, அதுக்கு ஏன் ஊர்ல காசு கேக்குற? நீ வேலூருக்கு சைக்கிள்ல போனா சீக்கு தீந்துடுமா?" இதே கேள்வியை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் 1980-ல் 36 பேர் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் இப்படித்தான் ஓட்ட ஆரம்பித்தார்கள், இன்று வருடா வருடம் ஆயிரக்கணக்கானவர்கள் ஓட்டுகிறார்கள், பணம் டானா-ஃபார்பர் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறது என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன். அப்பா காதில் வாங்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி, தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து ஐம்பது ரூபாய் கொடுத்தார். "ரசீது குடு" என்றார். "அப்பா, நமக்குள்ள என்ன ரசீது" என்றேன். "எழுதிக் குடுடா. என் பேர் போட்டு எழுது" என்றார். எழுதிக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டித் தன் பெயரைப் படித்துப் பார்த்தார். அப்பா போய் நாலு வருடம் ஆகிறது. சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்த அந்த ரசீதைப் போன வாரம் வெள்ளையடிக்கும்போதுதான் பார்த்தேன். மடிப்புக் கலையாமல் இருந்தது.

அந்தப் பாட்டி இருபது ரூபாயைக் கொடுத்துவிட்டுக் கஷ்டப்பட்டிருப்பார் என்று நாம் நினைக்கிறோம். அவர் பெயரும் அந்தக் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். வாங்கியிருக்கணும் டீச்சர்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். சின்னத் தொகைக்கும் ரசீதுப் புத்தகத்தைக் கையிலேயே கொண்டுபோங்கள். பெரிய தொகை கொடுப்பவர்கள் வரிவிலக்கு கேட்பார்கள். நன்கொடைக்கான வருமான வரி விலக்கில் (80ஜி என்று சொல்வார்கள்) ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் விலக்கு கிடையாது, வங்கி வழியாகத்தான் வர வேண்டும். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பின்னால் மனவருத்தம் இல்லை.

காட்பாடி டீச்சர்:

எல்லாவற்றையும் படித்தேன். வாலாஜா அண்ணா, என்னைத் தேற்றத்தான் சொல்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் தறிக்காரன் மகன் எழுதியதைப் படித்த பிறகு தூங்க முடியவில்லை.

நேற்று ஞாயிறு. நாலரைக்கே கிளம்பினேன், தனியாக, கண்ணமங்கலம் வழியாக. புளியமரம் இருந்தது. அடியில் யாரும் இல்லை. கொஞ்ச தூரத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். "மல்லாட்ட முடிஞ்சுட்சேம்மா. ஆடிப்பட்டம் போட்டது ஐப்பசில பிடுங்குவாங்கோ, அப்ப வரும் அந்தம்மா" என்றார். ஊர் எது என்று கேட்டேன், ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்கேயோ என்றார். பெயர் அவருக்கும் தெரியவில்லை.

ஐப்பசியில் மறுபடி போகிறேன். ரசீதுப் புத்தகத்தைச் சீட்டுக்கு அடியில் இருக்கும் பையிலேயே வைத்துவிட்டேன், பஞ்சர் ஒட்டும் சாமான்களோடு.