கொல்லைத் திராட்சையும் வீட்டு ஒயினும்

கேள்வி: நான்காண்டுக் கொடி பந்தல் முழுக்கப் படர்ந்தும் காய் அரிதாகவே பிடிக்கிறது, கிடைத்த பழத்தில் போட்ட ஒயினும் காடியாகி (வினிகராகி) விட்டது. எங்கே தவறினேன்?

பதில் 1: கவாத்து (கிளைகளை வெட்டிச் சீராக்குதல்) செய்தீர்களா? சென்ற ஆண்டு முற்றிய, பென்சில் பருமனுள்ள பழுப்புக் கிளையில் வெடிக்கும் புதுத் தளிரில்தான் பூங்கொத்து வரும் என்பதால், இலையுதிர்ந்து கொடி உறங்கும்போது அக்கிளைகளில் 2 அல்லது 3 மொட்டுகளை மட்டும் விட்டு வெட்டுங்கள். (சில இரகங்களுக்கு 8 மொட்டுகளுக்கு மேலும் வேண்டும்.) வெட்டுவாயில் நீர் சொட்டினால் அஞ்ச வேண்டாம்.

பதில் 2: காடிக்குக் காரணம் காற்றுதான். நுரைக்கும் நாட்களில் மேலே மிதந்து காற்றுப் படும் பழத்தோலை நாளுக்கு இருமுறை அமிழ்த்தினீர்களா?

கேட்டவர்: தொடவே இல்லை, வெள்ளையாகப் படர்ந்த ஆடையையும் நுரையென்றே நினைத்தேன்.

பதில் 2: அடுத்த முறை நுரை அடங்கியதும் வடித்து, கண்ணாடிக் குடுவையில் கழுத்துவரை நிரப்பி, வாயு வெளியேற மட்டும் வழிவிடும் அடைப்பானைப் பொருத்துங்கள். இறுக மூடினால் கண்ணாடி வெடிக்கும்.