தோட்ட ரயில் ஒரே வளைவில் தடம் புரள்கிறது, உதவி வேண்டும்

வணக்கம். இங்கிலாந்தின் கார்ன்வாலில், கேம்போர்ன் ஊரில் நாங்கள் வாங்கிய வீட்டுக் கொல்லையில் ஒரு தோட்ட ரயில் பாதை, அதாவது குட்டி மாடல் ரயில் ஓடும் பாதை இருக்கிறது. பத்து வருடமாக யாரும் தொடவில்லை. முன்பு இருந்தவர் வேல்ஸ்காரர். முள்செடியை வெட்டியபோது ஸ்லேட் கல்லில் கட்டிய குட்டி ஸ்டேஷன் ஒன்று வெளிப்பட்டது. கூரையில் நகம் அளவு ஓடுகள், ஒவ்வொன்றாக அடுக்கி ஒட்டியவை. நீராவி ரயிலின் முன்னோடியும் இந்தப் பக்கத்துக்காரருமான ரிச்சர்ட் டிரெவிதிக்கின் நீராவி எஞ்சின் 1804-ல் தண்டவாளத்தில் ஓடியது வேல்ஸின் பெனிடாரனில்தான். அதனாலேயே இந்த ரயிலை மறுபடி ஓடவிட ரொம்ப ஆசை.

பாதை 32 மி.மீ. அகலம், பிளாஸ்டிக் கட்டைகள், கான்கிரீட் அடித்தளம், ஒரு சுற்று சுமார் 25 மீட்டர். எஞ்சின் கேஸில் எரியும் நிஜ நீராவி எஞ்சின், நான்கு சக்கரம். ஏப்ரலிலிருந்து வார இறுதிகளில் வேலை பார்க்கிறேன்.

ஆப்பிள் மரத்தடி வளைவில், இடஞ்சுழியாக வந்தால் மட்டும் முன் சக்கரம் வெளித் தண்டவாளத்தில் ஏறிக் கீழே விழுகிறது. வலஞ்சுழியாக ஓட்டினால் ஒன்றும் ஆவதில்லை.

பாசியைச் சுரண்டினேன். சக்கர இடைவெளியும் தண்டவாள இடைவெளியும் அளந்தேன், சரியாக இருக்கின்றன. வேகத்தைக் குறைத்தும் பயனில்லை. ரசமட்டம் வைத்தால் வெளித் தண்டவாளம் 3 மி.மீ. தாழ்வு, வேர் உள்பக்கத்தைத் தூக்கியிருக்கிறது. ஸ்லேட் சில்லு கொடுத்து நிமிர்த்தினேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது, மழைக்கு அப்புறம் பழைய கதைதான்.

மரத்தை வெட்ட மனமில்லை. அந்த வளைவில் மட்டும் கான்கிரீட்டை உடைத்துவிட்டு ஜல்லிமேல் பாதை போட்டால் நிலையாக நிற்குமா?