ஸ்கூல் போர்டில் உங்களுக்கும் மூன்று நிமிடம் உண்டு

அமெரிக்காவில் புதிதாக வந்திறங்கியவர்கள் வீடு, கார், கிரெடிட் ஸ்கோர் என்று எல்லாம் கேட்கிறீர்கள். பள்ளி என்று வந்தால் மட்டும் ரேட்டிங் பத்துக்கு எத்தனை என்பதோடு கேள்வி நின்றுவிடுகிறது. அந்தப் பள்ளியை நடத்துவது யார், அவர்களிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்று யாரும் கேட்பதில்லை. நானும் முதல் நான்கு வருடம் கேட்கவில்லை. நான் இருப்பது சான் டியேகோ பக்கம், அதனால் கலிஃபோர்னியா சட்டத்தை வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பிடிஏ வேறு, ஸ்கூல் போர்டு வேறு. பிடிஏ என்பது பீட்ஸா விற்றுக் காசு சேர்க்கும் பெற்றோர்-ஆசிரியர் சங்கம். போர்டு என்பது ‘பள்ளி மாவட்டம்’ எனப்படும் ஒரு வட்டாரத்தின் பள்ளிகளை நடத்த ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த, பெரும்பாலும் ஐந்து பேர் கொண்ட அரசு அமைப்பு. அந்தப் பள்ளிகளின் தலைமை அதிகாரியான சூப்பரின்டெண்டென்டை நியமிப்பது, பட்ஜெட் போடுவது, எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு என்று எல்லை பிரிப்பது எல்லாம் அவர்கள் வேலை. ஹெட்மாஸ்டர் அறை வாசலில் கையைக் கட்டி நின்று வளர்ந்தவர்கள் நாம். இங்கேயும் பிரின்சிபாலுக்கு ஒரு மெயில் போட்டுவிட்டு, பதில் வராவிட்டால் அதோடு விட்டுவிடுகிறோம்.

என் கதையைச் சொல்கிறேன். ஒரு வருடம் மகளின் பஸ் ரூட்டை எடுத்துவிட்டார்கள். எப்போது முடிவானது என்று தேடினால், போர்டு கூட்டத்தின் அஜெண்டாவில் ‘கன்சென்ட் காலண்டர்’ என்ற பகுதியில் இருந்தது. விவாதமே இல்லாமல் இருபது முப்பது விஷயங்களை ஒரே ஓட்டில் நிறைவேற்றும் பகுதி அது. பெரும்பாலும் சாதாரண பில்கள்தான், ஆனால் நமக்குத் தலைவலியாகப் போவதும் சில சமயம் அதற்குள்ளேதான் இருக்கும். அஜெண்டாவை வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும் என்பது சட்டம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து நிமிடம் ஒதுக்கி, கன்சென்ட் பகுதியை மட்டுமாவது படித்துப் பாருங்கள்.

அடுத்த கூட்டத்துக்குப் போனேன். அப்போது நான் ஹெச்-ஒன்-பி. வாயைத் திறந்தால் விசாவுக்கு வினை என்று வீட்டில் ஒரே பயம். பொதுமக்கள் பேசும் பப்ளிக் கமெண்ட் நேரத்தில் மூன்று நிமிடம் கொடுத்தார்கள். போக்குவரத்தைக் கவனிக்கும் அதிகாரியின் பதவியைச் சொல்லி, “மூன்று மெயிலுக்கும் பதில் இல்லை” என்று ஆரம்பித்ததுமே தலைவர் குறுக்கிட்டார். ஊழியர்களைக் குறை சொல்லி இங்கே பேசக்கூடாது, அது எங்கள் விதி என்றார். மைக் அணைந்தது. நான் ஸாரி சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். மைக்கை அணைத்ததைவிட, ஸாரி சொன்னதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

பின்வரிசையில் ஓய்வுபெற்ற வக்கீல் அம்மா ஒருவர் இருந்தார். கூட்டம் முடிந்ததும் பார்க்கிங்கில் பிடித்து, அந்த விதி செல்லாது என்றார். 1996-இல் மொரேனோ வேலி பள்ளி மாவட்டமும், 1997-இல் எங்கள் கவுண்டியிலேயே இருக்கும் விஸ்டா பள்ளி மாவட்டமும் இதே மாதிரி விதி வைத்து ஃபெடரல் நீதிமன்றத்தில் தோற்றிருக்கின்றன. இந்த மாதிரிக் கூட்டங்களை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும், 1953-இல் வந்த கலிஃபோர்னியாவின் ப்ரவுன் ஆக்ட்டிலும், அமைப்பின் கொள்கை, நடைமுறை, செய்தது, செய்யாமல் விட்டது எதையும் பொதுமக்கள் விமர்சிப்பதைத் தடுக்கக்கூடாது என்றே இருக்கிறது. நேரத்துக்கு வரம்பு வைக்கலாம். கத்திக் கூட்டத்தை நடத்தவிடாமல் செய்தால், எச்சரித்துவிட்டு வெளியே அனுப்பலாம். பேசும் விஷயம் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் நிறுத்த முடியாது.

அந்த அம்மா சொல்லிக் கொடுத்து ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். அடுத்த கூட்டத்தில் அதே தலைவர் என்னை முழு மூன்று நிமிடமும் பேசவிட்டார். பஸ் திரும்பி வரவில்லை. ஆனால் அந்த விதி இருந்த பக்கம் வெப்சைட்டிலிருந்து சத்தமில்லாமல் மறைந்துபோனது.

ஒரு கடிதத்துக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? பேச்சுரிமை வழக்கில் நாம் ஜெயித்தால், நம் வக்கீலின் ஃபீஸையும் பொதுவாக எதிர்த்தரப்பே கட்ட வேண்டும். 1976-இலிருந்து ஃபெடரல் சட்டம் அப்படி. அதனால்தான் இந்த வழக்குகளை ஏழை பாழைகளுக்காகவும் எடுத்து நடத்த வக்கீல்கள் இருக்கிறார்கள், பள்ளி மாவட்டத்தின் வக்கீலும் கடிதத்தைக் கவனமாகப் படிக்கிறார். ஏசிஎல்யூ போன்ற குடியுரிமைச் சுதந்திர அமைப்புகள் ஒரு பக்கம், வலதுசாரிப் பெற்றோருக்காக வாதாடும் அமைப்புகள் மறுபக்கம். 2024-இல் ஃப்ளோரிடாவின் ப்ரெவார்ட் போர்டு வைத்திருந்த பேச்சுக் கட்டுப்பாடுகளை மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்கடித்தது ‘மாம்ஸ் ஃபார் லிபர்ட்டி’ என்ற வலதுசாரிப் பெற்றோர் அமைப்பு. அவர்கள் அரசியல் எனக்குக் கொஞ்சமும் ஒத்துவராது. ஆனாலும் அவர்கள் வாங்கிய தீர்ப்பு அங்கே இருக்கும் நம்மாட்களுக்கும் சேர்த்துத்தான்.

ஆன்லைனிலும் இதே சண்டைதான். 4எஸ் ராஞ்ச், ராஞ்சோ பெனஸ்கிட்டோஸ் பக்கம் குடியேறியவர்களுக்கு பவே பள்ளி மாவட்டம் தெரிந்திருக்கும். அதன் போர்டு உறுப்பினர்கள் இரண்டு பேர், ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் ஒரு பெற்றோர் தம்பதியை ப்ளாக் செய்தார்கள். தம்பதியும் லேசுப்பட்டவர்கள் இல்லை, ஒருமுறை பத்து நிமிடத்தில் 226 தடவை ஒரே பதிலை ஒட்டியிருக்கிறார்கள்! வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. 2024 மார்ச்சில் இன்னொரு வழக்கோடு சேர்த்து கோர்ட் ஓர் அளவுகோல் கொடுத்தது. அந்த உறுப்பினருக்கு அரசு சார்பில் பேச அதிகாரம் இருந்ததா, அந்தப் பதிவில் அந்த அதிகாரத்தைக் காட்டித்தான் பேசினாரா, இரண்டுக்கும் ஆமாம் என்றால்தான் ப்ளாக் செய்தது அரசின் செயல் ஆகும். அவருடைய பேத்தி படத்துக்குக் கீழே நீங்கள் பஸ் ரூட் பேசினால் இந்தத் தீர்ப்பு கை கொடுக்காது.

சரி, காகிதங்களுக்கு வருவோம். ஊரில் ஆர்டிஐ போட்டுப் பழகியவர்களுக்கு இது சுலபம். இங்கே பப்ளிக் ரெக்கார்ட்ஸ் ஆக்ட். பத்து ரூபாய் ஸ்டாம்ப் எல்லாம் வேண்டாம், ஒரு மெயில் போதும், காரணமும் சொல்ல வேண்டியதில்லை. ‘பஸ் பற்றிய எல்லாம்’ என்று கேட்காதீர்கள், இழுத்தடிப்பார்கள். இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை, இந்த ரூட் பற்றிய மெயில்கள் என்று கேளுங்கள். தர முடியுமா முடியாதா என்று 10 நாளில் சொல்ல வேண்டும், அதிகபட்சம் இன்னும் 14 நாள் நீட்டலாம். கூட்டத்தையே சட்டத்தை மீறி நடத்தினார்கள் என்றால் திருத்தச் சொல்லிக் கடிதம் கொடுக்கப் பொதுவாக 90 நாள் உண்டு, அஜெண்டாவில் போடாததைத் திறந்த கூட்டத்தில் முடிவு செய்திருந்தால் 30 நாள்தான். அதைத் தவறவிட்டு அழுதவர்களை எனக்குத் தெரியும்.

விசாவைப் பற்றித் தனியாக மெசேஜ் செய்திருந்த தம்பிக்கு: பேசவும் கேட்கவும் குடியுரிமை வேண்டாம், கூட்டத்துக்குள் நுழைய பெயர் எழுதித் தர வேண்டும் என்றும் கட்டாயப்படுத்த முடியாது. இந்தக் காலத்தில் பயம் இருப்பது நியாயம்தான், அதனால் பேசும்போது பஸ், பட்ஜெட் என்று விஷயத்தோடு நில்லுங்கள். நிஜமான வினை வேறு இடத்தில் இருக்கிறது. டிஎம்வியில் லைசென்ஸ் எடுக்கும்போது வாக்காளர் பதிவுக் கட்டத்தைத் தெரியாமல் டிக் செய்துவிடாதீர்கள். அது குடிமக்களுக்கான கட்டம், கிரீன் கார்டு இருந்தாலும் கூடாது.

பள்ளியில் சொல்லும் அமெரிக்கக் கொடி உறுதிமொழி பற்றிக் கேட்ட தங்கைக்கு: பையனைக் கட்டாயப்படுத்த முடியாது. வெஸ்ட் வர்ஜீனியாவின் கல்வி போர்டு 1943-லேயே இதில் தோற்றுவிட்டது. யெகோவாவின் சாட்சிகள் குடும்பங்கள் போட்ட வழக்கு. கேரளாவில் தேசிய கீதம் பாடாத பிள்ளைகளுக்காக நம் சுப்ரீம் கோர்ட் 1986-இல் தீர்ப்பு சொன்னதே, அவர்களும் அதே சபையினர்தான்.

மற்ற மாநிலத்தில் இருப்பவர்கள் இந்தக் கெடுவையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நியூ ஜெர்சியில் போர்டு கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குவது சட்டப்படி கட்டாயம். டெக்ஸஸிலும் போர்டை விமர்சிப்பதைத் தடுக்கக்கூடாது என்று 2019-இல் சட்டம் வந்தது. வர்ஜீனியாவில் ஆவணம் கேட்கும் உரிமை அந்த மாநிலவாசிகளுக்குத்தான், வெளியூர்க்காரர் கேட்டால் மறுக்கலாம்.

அப்புறம், “இங்கிலீஷ் தடுமாறும் அண்ணா” என்ற கேள்விக்கு. கலிஃபோர்னியாவில் மொழிபெயர்ப்பாளரோடு பேசினால் இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும். பேத்தியைத் தினமும் நடத்திக் கூட்டிப்போகும் எங்கள் காம்ப்ளெக்ஸ் பாட்டி, பள்ளி முன்னால் பிள்ளைகளை ரோடு கடத்திவிடும் ஆள் (கிராஸிங் கார்டு) இல்லை என்று தமிழிலேயே பேசினார். நான் மொழிபெயர்த்தேன். ஆறு நிமிடம் இருந்தது. பாட்டி நாலு நிமிடத்தில் முடித்துவிட்டு, “மிச்ச நேரத்துல அவங்க பதில் சொல்லட்டும், கேளுப்பா” என்றார்.