டிஆர்6-ஆ, எம்ஜிபி-யா? கிளட்ச் மிதித்தால் கிராங்க் புல்லி நகர்கிறது

கவென்ட்ரிவாசி:
வணக்கம். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வீட்டில் ஒருவழியாகச் சம்மதம் கிடைத்துவிட்டது. இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன்: 1971 எம்ஜிபி ரோட்ஸ்டர், 1972 டிரையம்ஃப் டிஆர்6. மனசு டிஆர்6 பக்கம்தான். ஆறு சிலிண்டர் சத்தம், அதுவும் எங்கள் கவென்ட்ரியிலேயே பிறந்த வண்டி. ஆனால் இஞ்சின் ஓடும்போது நண்பர் கிளட்சை மிதிக்க, கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) முன்பக்கப் புல்லி கொஞ்சம் முன்னே வந்து போனது. விற்பவர், "ஐம்பது வருஷ வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்கிறார். விட்டுவிடலாமா?

பழைய ஸ்பேனர்:
அப்படித்தான் இருக்கக் கூடாது! கிராங்கை முன்பின் நகராமல் பிடித்து வைப்பது அதைத் தாங்கும் பின்பக்க மெயின் பேரிங் ஓரம் நிற்கும் அரைவட்ட த்ரஸ்ட் வாஷர்கள். கிளட்ச் மிதிக்கும்போதெல்லாம் அவற்றின் மேல்தான் அழுத்தம் விழும். தேய்ந்தால் நழுவி, இஞ்சினுக்கு அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் விழுந்துவிடும். அப்புறம் கிராங்க் பிளாக்கையே அறுக்கும். இஞ்சினை அணைத்துவிட்டு, புல்லியைப் பின்னால் தள்ளி, நகர்வை அளக்கும் டயல் கேஜ் வைத்து, கிளட்சை மிதித்துப் பாருங்கள். 0.15 முதல் 0.20 மில்லிமீட்டர் வரை சரி.

மழைநாள் டிரைவர்:
சேர்த்து இன்னொன்று. டிஆர்6-இன் கமிஷன் எண், அதாவது வண்டியின் அடையாள எண், சிபி (CP) என்று தொடங்குகிறதா? அதுதான் லூகாஸ் பெட்ரோல் இன்ஜெக்‌ஷனோடு வந்த 150 குதிரைத்திறன் வண்டி. சிசி (CC), சிஎஃப் (CF) என்றால் அமெரிக்காவுக்குக் கார்ப்பரேட்டரோடு போய்த் திரும்பி வந்தது. ஓட்டச் சுகம்தான், சேகரிப்பவர் பார்வையில் மதிப்பு வேறு. டிக்கியில் இருக்கும் இன்ஜெக்‌ஷன் பம்ப் சூடேறி அலறும். அரைமணி ஓட்டிவிட்டு நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள். பலர் பாஷ் பம்ப்புக்கு மாற்றியிருப்பார்கள், அது குறையே இல்லை.

என்னைக் கேட்டால் எம்ஜிபி. 1798 சிசி, இரண்டு எஸ்யூ கார்ப்பரேட்டர், ஞாயிறு காலையில் நீங்களே ட்யூன் செய்யலாம். முழு பாடிகூடப் புதிதாகக் கிடைக்கிறது. ஆனால் அதற்குத் தனி சேஸி (அடிச்சட்டம்) கிடையாது, பலமெல்லாம் கதவுக்குக் கீழே ஓடும் சில் (sill) என்ற தகட்டுப் பெட்டியில். ஜாக்கியில் தூக்கிக் கதவு இடைவெளியைக் கவனியுங்கள், சில் துருப்பிடித்திருந்தால் அது மாறும்.

கவென்ட்ரிவாசி:
இரண்டையும் பார்த்துவிட்டேன். டிஆர்6: எண் சிபி, பம்ப் அமைதி, கேஜ் 0.4. எம்ஜிபி: பளபளவென்று பெயின்ட். ஜாக்கியில் தூக்கியதும் கதவு திறந்தது, மூட மறுத்துவிட்டது. உரிமையாளர் முகம்தான் பாவமாக இருந்தது.

பழைய ஸ்பேனர்:
அப்படியென்றால் எம்ஜிபியை மறந்துவிடுங்கள். பெயின்டுக்கு அடியில் துருவும் புட்டியும்தான் இருக்கும். டிஆர்6-ஐ இனி ஒரு மைல்கூட ஓட்ட வேண்டாம். இஞ்சினை இறக்காமலே, சம்ப்பைக் கழற்றிப் பின்பக்க மெயின் பேரிங்கின் மூடியை எடுத்தால் வாஷர் மாற்றலாம். விற்பவர் சம்மதித்தால் விலை பேசுவதற்கு முன்பே சம்ப்பைத் திறங்கள். பிளாக்கில் கிராங்க் உரசிய தடம் இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். இல்லையென்றால் வாஷரும் ஒரு நாள் கூலியும்தான். பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலைச் சேஸியில் தாங்கும் பிராக்கெட்டில் விரிசல் உண்டா என்று கீழே படுத்திருக்கும்போதே டார்ச் அடித்துப் பாருங்கள்.

கவென்ட்ரிவாசி:
சனிக்கிழமை சம்ப் திறக்க ஒப்புக்கொண்டார். டார்ச் எடுத்து வைத்தாயிற்று, அண்ணா.