ஐயாயிரம் ரூபாய்க்குள் வரைபலகை: எதை வாங்கலாம்?

நண்பர்களே, வணக்கம். பென்சிலும் இந்தியன் இங்க்குமாகவே இத்தனை வருடம் வரைந்து வந்தேன். இப்போது கணினியில் வரைய ஆசை. கிரிட்டா மென்பொருளை நிறுவிவிட்டேன். இலவசம் என்பதால் அதில் யோசனையே இல்லை. ஆனால் மௌஸ் பிடித்து வரைந்த காகம், அடிபட்ட கோழிபோல வந்து நிற்கிறது.

அதனால் கணினியில் இணைத்துப் பேனாவால் வரையும் வரைபலகை ஒன்று வாங்க நினைக்கிறேன். திரையுள்ள பலகை என் பைக்கு எட்டாது. திரையில்லாதவற்றில் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். வேக்கம் சிடிஎல்-472: வரையும் பரப்பு 152-க்கு 95 மில்லிமீட்டர், அழுத்த நிலைகள் (பேனாவை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைப் பலகை பிரித்தறியும் படிகள்) 2048. ஹுயான் எச்640பி: ஏறக்குறைய அதே பரப்பு, 8192 நிலைகள், பக்கவாட்டில் ஆறு பொத்தான்கள். இரண்டின் பேனாவுக்கும் சார்ஜ் தேவையில்லை.

2048-க்கும் 8192-க்கும் உள்ள வித்தியாசம் கைக்குத் தெரியுமா? வெறும் விளம்பரக் கணக்கோ என்று எனக்குச் சந்தேகம். அதைவிடப் பெரிய கவலை பரப்பளவு. நான் மணிக்கட்டால் அல்ல, முழங்கையை வீசி வரைகிறவன். அஞ்சலட்டை அளவுப் பலகையில் கை முடங்கிப்போகுமோ? கொஞ்சம் பொறுத்துப் பணம் சேர்த்து, பத்து அங்குல அகலமுள்ள எக்ஸ்பி-பென் டெக்கோ 01 வாங்குவது நல்லதா?

கை ஓரிடத்திலும் கண் திரையிலுமாக வரையப் பழக எத்தனை நாள் பிடித்தது? பேனா முனை எவ்வளவு சீக்கிரம் தேய்கிறது? பழையது வாங்கலாம் என்றால், எதைச் சோதித்து வாங்க வேண்டும்? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள். என் கணினி எட்டு வருடப் பழையது, விண்டோஸ் 10.